பிறப்பு இறப்புக் கணக்கு

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று, ஆநிரைப் பூசலில் உயிர்நீத்த ஒருவனின் பெயரையும் அப்பூசல் நடந்த ஊரையும் சொல்கிறது. இறந்தவரைக் கல்லில் நிறுத்தி நினைக்கும் வழக்கம் தமிழ் நிலத்தில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. ஆயினும் கல் எடுக்கப்பட்டது சிலருக்கே. அதே ஊரில் அதே ஆண்டில் காய்ச்சலால் மாண்ட குழந்தைகள் எத்தனை பேர், மகப்பேற்றின்போது உயிர்விட்ட பெண்கள் எத்தனை பேர் என்பதை எந்தக் கல்லும் சொல்லவில்லை. நடுகல் ஒருவனது இறப்பைச் சொல்லும். ஓர் ஊரின் இறப்பைச் சொல்லுவதற்குப் பதிவேடு வேண்டும்.

ஒரு நிலப்பரப்பில் ஒரு குறிப்பிட்ட காலத்திற்குள் நிகழும் பிறப்புகளையும் இறப்புகளையும் நிகழ்ந்தவுடன் பதிந்து, தொகுத்து, மக்கள்தொகையோடு பொருத்திப் பார்க்கும்போது கிடைப்பவையே பிறப்பு இறப்புப் புள்ளிவிவரங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து இவை வேறுபடுகின்றன. ஓர் ஏரியை எண்ணிப் பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும். குறிப்பிட்ட ஒரு நாளில் ஏரியில் நிற்கும் நீரின் அளவைச் சொல்வது கணக்கெடுப்பு. வரத்துக்கால் வழியே வந்த நீர் எவ்வளவு, மதகு வழியே வெளியேறிய நீர் எவ்வளவு என்று நாள்தோறும் குறித்து வருவது பதிவு. நீர்மட்டம் ஏன் உயர்ந்தது, ஏன் தாழ்ந்தது என்பதை இரண்டாவது கணக்கே காட்டும். மக்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் குடிபெயர்வதும் இக்கணக்கில் சேரும் என்றாலும், அதனைப் பதிவது கடினம். பிறப்பும் இறப்பும் ஒருவர் வாழ்வில் ஒருமுறையே நிகழ்வன. ஆதலின் அவற்றை ஐயமின்றி எண்ண முடியும்.

லண்டன் துணிமணி வணிகர்

இத்துறையின் தொடக்கம் ஒரு பல்கலைக்கழகத்திலோ அரண்மனையிலோ நிகழவில்லை. பதினேழாம் நூற்றாண்டு லண்டனில், ஒவ்வொரு வாரமும் நகரில் புதைக்கப்பட்டோர் எண்ணிக்கையும் திருமுழுக்குப் பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கையும் அச்சிடப்பட்டு வெளிவந்தன. பிளேக் நோய் பரவுகிறதா என்பதை அறிவதே அவ்வறிக்கையின் நோக்கம். நோய் மிகுந்தால் செல்வர் ஊரைவிட்டு வெளியேறுவர். மற்றை நாள்களில் அவ்வறிக்கை பேச்சுக்கு இடந்தரும் பொருளாக மட்டுமே இருந்தது. ஜான் கிரான்ட் என்னும் துணிமணி வணிகர் பல்லாண்டு அறிக்கைகளை ஒருசேர எடுத்து வைத்துக்கொண்டு, கடைக்கணக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தார். 1662ஆம் ஆண்டில் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

அவர் கண்டவை பல. ஆண் குழந்தைகள் பெண் குழந்தைகளைவிடச் சற்று மிகுதியாகப் பிறக்கின்றன என்பதும், அம்மிகுதி ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறது என்பதும் அவற்றுள் ஒன்று. லண்டனில் பிறப்பைவிட இறப்பே மிகுதி. எனினும் நகரம் வளர்ந்துகொண்டிருந்தது. நாட்டுப்புறத்திலிருந்து மக்கள் வந்து குவிவதே அதற்குக் காரணம் என்று அவர் உணர்ந்தார். லண்டனின் மக்கள்தொகை பல இலட்சங்கள் அல்லது கோடிகள் என்று பலரும் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருந்த காலத்தில், அது ஏறத்தாழ 3,84,000 என்று கணித்தார். பிறக்கும் 100 குழந்தைகளில் 36 பேர் ஆறு வயது நிறையுமுன் இறக்கின்றனர் என்றும் மதிப்பிட்டார். அது தனித்தனி வீடுகளில் அதுவரை அழுகையாக மட்டுமே இருந்தது. கிரான்ட் கையில் முதன்முதலாக ஓர் எண்ணாயிற்று.

பதிவில் உள்ள குறையையும் அவர் மறைக்கவில்லை. இறந்தவர் உடலைப் பார்த்துக் காரணம் சொல்லும் பணி வயது முதிர்ந்த பெண்களிடம் விடப்பட்டிருந்தது. அவர்கள் மருத்துவம் பயின்றவர்கள் அல்லர். பால்வினை நோயால் இறந்தவரின் குடும்பத்தார் சிறிது பணம் கொடுத்தால், வேறு நோயின் பெயர் ஏட்டில் ஏறிவிடும். ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காகவே ஓர் எண்ணை நம்பிவிடலாகாது என்னும் எச்சரிக்கை, இத்துறையின் முதல் நூலிலேயே இடம்பெற்றுவிட்டது.

எண்ணிக்கையும் வீதமும்

‘சென்ற ஆண்டு ஓர் ஊரில் 700 குழந்தைகள் பிறந்தன, பக்கத்து ஊரில் 300 குழந்தைகள் பிறந்தன’ என்றால் எந்த ஊரில் பிறப்பு மிகுதி? முதல் ஊரின் மக்கள்தொகை 50,000, இரண்டாம் ஊரின் மக்கள்தொகை 15,000 என்று தெரிந்தபின்னரே இவ்வினாவிற்கு விடை கூற இயலும். முதல் ஊரில் ஆயிரம் பேருக்கு 14 பிறப்புகள்; இரண்டாம் ஊரில் ஆயிரம் பேருக்கு 20. எண்ணிக்கையில் சிறிய ஊரே வீதத்தில் பெரிது. ஓராண்டில் நிகழ்ந்த பிறப்புகளை அவ்வாண்டின் நடுநாளில் இருந்த மக்கள்தொகையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் வருவது செப்பமிடாப் பிறப்பு வீதம். இறப்புக்கும் இதே முறைதான். ஆண்டின் தொடக்கத்து மக்கள்தொகையும் முடிவில் இருந்த மக்கள்தொகையும் வேறுபடும் ஆதலால், நடுநாளின் மக்கள்தொகை கொள்ளப்படுகிறது.

வகுக்கும் எண்ணின் அருமையை உலகிற்குக் காட்டிய நிகழ்ச்சி 1854இல் லண்டனில் நடந்தது. அவ்வாண்டு வாந்திபேதி அந்நகரைச் சூறையாடியது. கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று அறிஞருள் பெரும்பாலோர் நம்பினர். மருத்துவர் ஜான் ஸ்நோ, நீரே காரணம் என்றார். பிராட் தெருவின் குழாயடியைப் பற்றிய கதை பலரும் அறிந்தது. அதனினும் வலிய சான்று தென்லண்டனில் இருந்தது. அங்கே இரண்டு நிறுவனங்கள் ஒரே தெருக்களில் நீர் வழங்கின. ஒன்று, நகரத்தின் கழிவு கலந்த பகுதியில் தேம்சு ஆற்று நீரை எடுத்தது. இலாம்பெத் என்னும் மற்றொன்று, 1852இலேயே நகருக்கு மேலே தூய நீர் ஓடும் பகுதிக்குத் தன் மதகை மாற்றியிருந்தது. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு வெவ்வேறு நீர். காற்றோ ஒன்றே.

இறப்புப் பதிவேட்டிலிருந்து முகவரிகளைப் பெற்ற ஸ்நோ, ஒவ்வோர் இறப்பும் எந்த நிறுவனத்தின் நீர் பாய்ந்த வீட்டில் நிகழ்ந்தது என்று வீடுவீடாகச் சென்று உசாவினார். முதல் நிறுவனம் நீர் வழங்கிய வீடுகளில் 1,263 இறப்புகள். இலாம்பெத் நிறுவனம் வழங்கிய வீடுகளில் 98. ‘முதல் நிறுவனத்திற்கு வாடிக்கையாளர் மிகுதி, அதனால் இறப்பும் மிகுதி’ என்று எவரேனும் மறுத்திருக்கக்கூடும். ஸ்நோ வீடுகளின் எண்ணிக்கையையும் கையில் வைத்திருந்தார்: 40,046 வீடுகளும் 26,107 வீடுகளும். பத்தாயிரம் வீட்டுக்கு 315 இறப்புகள் ஒருபுறம், 37 இறப்புகள் மறுபுறம். நோய்க்கிருமிகளைப் பற்றிய கொள்கை மருத்துவ உலகில் ஏற்கப்படுவதற்கு முன்பே, ஒரு வகுத்தல் கணக்கு நோயின் வழியைக் காட்டிவிட்டது. இறந்தவர் எந்தத் தெருவில், எந்த வீட்டில் வாழ்ந்தார் என்பதை எழுதி வைத்த பதிவாளர்கள் இல்லையெனில், இக்கணக்கைப் போட்டிருக்க இயலாது.

கேரளமும் பீகாரும்

வீதமும் சில வேளைகளில் மயக்கும். 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு அறிக்கையின்படி, கேரளத்தின் செப்பமிடா இறப்பு வீதம் ஆயிரத்திற்கு 7.0, பீகாரின் வீதம் 5.4. இவ்வெண்களை மட்டும் கண்டவர், கேரளத்தைவிடப் பீகாரே உடல்நலத்தில் மேம்பட்டது என்று முடிவு செய்யக்கூடும். அதே அறிக்கையில், ஓராண்டு நிறைவதற்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரம் பிறப்புகளுக்குக் கேரளத்தில் 6, பீகாரில் 27. எது மெய்?

இரண்டும் மெய். கேரளத்தில் முதியோர் மிகுதி. பீகாரில் இளையோர் மிகுதி. முதியோர் மிகுந்த ஊரில் நல்ல மருத்துவம் இருந்தாலும் இறப்புகள் மிகும். செப்பமிடா வீதம் வயதைக் கருத்தில் கொள்வதில்லை. ‘செப்பமிடா’ என்னும் அடைமொழியே அக்குறையைச் சொல்கிறது.

இதனைச் செப்பம் செய்யும் முறையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். மேலூர், கீழூர் என இரண்டு ஊர்கள். ஒவ்வொன்றிலும் 10,000 பேர். மேலூரில் முதியோர் 2,000. அவர்களுள் ஆயிரத்திற்கு 40 பேர் ஓராண்டில் இறக்கின்றனர். ஏனைய 8,000 பேரில் ஆயிரத்திற்கு 2 பேர் இறக்கின்றனர். மொத்த இறப்புகள் 80உம் 16உம் சேர்ந்து 96, வீதம் 9.6. கீழூரில் முதியோர் 500 பேர்தாம். ஆயிரத்திற்கு 60 பேர் இறக்கின்றனர். ஏனைய 9,500 பேரில் ஆயிரத்திற்கு 4 பேர் இறக்கின்றனர். மொத்தம் 30உம் 38உம் சேர்ந்து 68, வீதம் 6.8. முதியோராயினும் இளையோராயினும் கீழூரில்தான் இறக்கும் வாய்ப்பு மிகுதி. ஆயினும் மொத்த வீதம் கீழூருக்கே சாதகமாக நிற்கிறது! இரண்டு ஊர்களிலும் முதியோர் 1,000, ஏனையோர் 9,000 என்று ஒரே வயது அமைப்பைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டால், மேலூரின் வீதம் 5.8, கீழூரின் வீதம் 9.6. உண்மை நேராகிவிடுகிறது. வயதமைப்பு வேறுபடும் இரு நாடுகளையோ இரு காலங்களையோ ஒப்பிடுவோர் இம்முறையைக் கையாளாவிடில், அவர்தம் ஒப்பீட்டுக்குப் பொருளில்லை.

ஊரின் உடல்நிலையை ஒரே எண்ணால் அறிய வேண்டுமெனில், குழந்தை இறப்பு வீதமே பெரிதும் கொள்ளப்படுகிறது. உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன் இறப்போர் எத்தனை பேர் என்பதே அது. குடிநீர், தாயின் உணவு, தடுப்பூசி, சாலை, மருத்துவமனை, தாயின் கல்வி ஆகிய அனைத்தும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. இந்தியாவில் 1971இல் 129 ஆக இருந்த இவ்வீதம் 2020இல் 28 ஆயிற்று. தமிழ்நாட்டில் 2020இல் அது 13. சிறிய ஊர்களுக்கு இவ்வீதத்தைக் கணிக்கும்போது பொறுமை வேண்டும். ஆண்டுக்கு இருபது குழந்தைகள் பிறக்கும் சிற்றூரில் ஒரு குழந்தை இறந்தால் வீதம் 50. அடுத்த ஆண்டு ஒன்றும் இறவாவிடில் வீதம் சுழி. ஓராண்டில் அவ்வூர் அடியோடு திருந்திவிட்டது என்று கொள்வது பேதைமை. எண்கள் சிறியனவாயின், பல ஆண்டுகளைச் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

பிறப்பின்போதான வாழ்நாள் எதிர்பார்ப்பு என்னும் அளவும் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. விடுதலையை ஒட்டிய காலத்தில் இந்தியரின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். முப்பத்திரண்டு வயதில் மக்கள் கிழவராகி மாண்டனர் என்பது இதன் பொருளன்று. பத்துப் பேரில் நால்வர் பிறந்த சில நாள்களில் இறந்து, அறுவர் 55 வயதுவரை வாழ்ந்தால் சராசரி 33. ஆனால் அப்பதின்மருள் ஒருவர்கூட முப்பத்துமூன்றாம் வயதில் இறக்கவில்லை. அக்காலத்திலும் எழுபது வயதைக் கண்ட பாட்டனார்கள் இருந்தனர். தொட்டிலைத் தாண்டாத குழந்தைகள்தாம் சராசரியைக் கீழே இழுத்தன. 2016–20 காலத்தில் இவ்வளவு 70 ஆண்டுகளை எட்டியதற்குக் குழந்தைகள் பிழைத்ததே தலையாய காரணம்.

‘காய்ச்சல்’ என்னும் கட்டம்

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புகளைப் பதிவதற்கு 1899இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. சிற்றூர்களில் கிராம முன்சீப்பே பதிவாளர். வரி தண்டுவதும் வழக்குத் தீர்ப்பதும் போல, யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் வீட்டில் சாவு என்று எழுதுவதும் அவர்தம் கடமையாயிற்று. இறப்பு அவருக்குத் தெரிந்துவிடும்; பறையொலி சொல்லிவிடும். இறப்பின் காரணம் தெரியாது. எனவே ‘காய்ச்சல்’ என்னும் கட்டத்தில் பெரும்பான்மை இறப்புகள் எழுதப்பட்டன. 1918இல் நச்சுக்காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவி இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, அவ்விறப்புகளும் பெரிதும் அந்தக் கட்டத்திலேயே அடங்கின. அவ்வாண்டில் காய்ச்சல் இறப்புகள் முந்தைய ஆண்டுகளைவிட எவ்வளவு மிகுந்தன என்பதைக் கொண்டே, பின்வந்த ஆய்வாளர்கள் கொள்ளைநோயின் கொடுமையை மதிப்பிட்டனர். காரணம் பிழையாக எழுதப்பட்டிருந்தாலும், நாளும் எண்ணிக்கையும் ஓரளவு சரியாக இருந்தமையால் ஏடு பயன்பட்டது. 1911இல் 25.21 கோடியாக இருந்த இந்திய மக்கள்தொகை, 1921இல் 25.13 கோடியாகக் குறைந்தது. அதன்பின் எந்தக் கணக்கெடுப்பிலும் அது குறைந்ததில்லை. அதனால் 1921ஆம் ஆண்டைப் ‘பெரும் பிரிவினை ஆண்டு’ என்பர்.

இன்று நடைமுறையில் உள்ளது 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். நாடு முழுவதற்கும் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் இதுவே. நிகழ்வு நடந்த 21 நாள்களுக்குள் அறிவித்தல் வேண்டும். தாழ்ந்தால் கட்டணமும், மேலும் தாழ்ந்தால் அதிகாரியின் அனுமதியும், ஓராண்டைக் கடந்தால் நடுவரின் ஆணையும் தேவைப்படும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கிராம நிர்வாக அலுவலர் பதிவாளராக இருக்கிறார். 2023இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல் முதலியவற்றில் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழே ஆவணமாகும்.

முன்பெல்லாம் பள்ளியில் சேர்க்க வந்த குழந்தைக்குத் தலைமையாசிரியரே ஒரு பிறந்த நாளைக் கணித்து எழுதுவார். பள்ளி திறக்கும் சூன் மாதத்திற்கு ஏற்ப அந்நாள் அமையும். வீட்டில் சாதகம் இருக்கும். அதில் நாழிகை வரை குறித்திருக்கும். அதுவும் ஏட்டுக்கு வராது. கணக்கெடுப்பின்போது வயதைக் கேட்டால் நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்று சுழியிலும் ஐந்திலும் முடியும் எண்களே மிகுதியாக விடையாக வந்தன. வயதறியாத நாட்டில் வயதுவாரி வீதம் கணிப்பது எத்துணைக் கடினம் என்பதை இதிலிருந்து உணரலாம். பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்யும் முயற்சியைத் தடுக்க வருவோர், முதலில் கேட்பதும் பிறப்புச் சான்றிதழையே.

பதிவுகள் நிறைவாக இல்லாத நிலையில், நாட்டுக்கு நம்பத்தக்க வீதங்களை அறிய ‘மாதிரிப் பதிவுத் திட்டம்’ 1960களின் இறுதியில் ஏற்படுத்தப்பட்டது. தேர்ந்தெடுத்த ஊர்களிலும் நகரப் பகுதிகளிலும் அவ்விடத்தில் வாழும் ஒருவர் ஆண்டு முழுவதும் பிறப்பு இறப்புகளைக் குறித்து வருவார். ஆறு திங்களுக்கு ஒருமுறை வேறொரு மேற்பார்வையாளர், முன்னவர் ஏட்டைப் பாராமல், வீடுதோறும் சென்று தாமே கணக்கெடுப்பார். பின்னர் இரண்டு ஏடுகளையும் ஒப்பிடுவர். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத நிகழ்வை மீண்டும் நேரில் சென்று உறுதி செய்வர். இருவர் தனித்தனியே தேடும்போது, இருவருமே தவறவிடும் நிகழ்வு அரிது. எளிய கருத்து, ஆனால் அரை நூற்றாண்டாக நாட்டின் பிறப்பு இறப்பு வீதங்களை இதுவே தந்து வருகிறது.

பதிவேட்டைப் படிப்போர் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். சட்டப்படி, நிகழ்வு எங்கே நடந்ததோ அங்கேயே பதியப்படுகிறது. சுற்றுப்புறச் சிற்றூர்ப் பெண்கள் மதுரையில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு வந்து பிள்ளை பெற்றால், பதிவு மதுரையில்தான். அவ்வாறே நோய் முற்றி நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டோரின் இறப்பும் நகரத்துக் கணக்கில் சேரும். தாயின் அல்லது இறந்தவரின் வாழிடத்தையும் படிவத்தில் கேட்பது இதனைச் சரிசெய்யவே.

ஏடு காட்டிக்கொடுத்தவை

பிறந்த முதல் வாரத்தில் ஆண் குழந்தைகளே பெண் குழந்தைகளைவிட மிகுதியாக இறப்பது இயற்கை. உலகெங்கும் காணப்படும் நிலை இது. 1990களில் தமிழ்நாட்டின் சேலம், தருமபுரி, மதுரை முதலிய மாவட்டங்களின் சில பகுதிகளில், ஆரம்ப சுகாதார நிலையங்களின் ஏடுகள் இதற்கு நேர்மாறானதைக் காட்டின. அங்கே முதல் வாரத்தில் இறந்தவை பெரிதும் பெண் குழந்தைகள். இறப்பின் காரணம் என்ற இடத்தில் செவிலியர்கள் ‘சமூகக் காரணம்’ என்று எழுதியிருந்தனர். எந்த நோய்க்கும் பெண் குழந்தையை மட்டும் தேடிப் பிடிக்கத் தெரியாது. பெண்சிசுக் கொலை எங்கோ ஓரிரு வீடுகளில் நடப்பது என்று தள்ளிவிட முடியாதபடி அவ்வெண்கள் நின்றன. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 942 பெண் குழந்தைகள் இருந்தனர். சேலம் மாவட்டத்திலோ 851 பேர்தாம். இயற்கையில் பிறப்பின்போது ஆயிரத்துக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் பிறப்புப் பதிவேட்டில் இவ்விகிதத்தைப் பார்ப்பது இன்றும் இன்றியமையாதது. கொலை கருவறைக்குள் மாறிவிட்டால், அது இறப்புப் பதிவேட்டில் வராது. பிறப்புப் பதிவேட்டின் குறைவாகவே தெரியும்.

மகப்பேற்று இறப்புகளின் கதை நம்பிக்கையூட்டுவது. தமிழ்நாட்டில் 1990களிலிருந்து, மகப்பேற்றை ஒட்டி இறந்த ஒவ்வொரு தாயின் இறப்பும் தனித்தனியே ஆராயப்பட்டு வருகிறது. இறந்தவரின் வீட்டாரிடம் கேட்கப்படும் வினாக்கள் நோயைப் பற்றியவை மட்டுமல்ல. மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்க எவ்வளவு நேரம் ஆயிற்று? வண்டி கிடைத்ததா? போய்ச் சேர்ந்தபின் மருத்துவர் இருந்தாரா, குருதி இருந்ததா? இவ்விடைகளில் ஒரே குறை மீண்டும் மீண்டும் வருமாயின், அது தலைவிதியன்று என்பது புலனாகிறது. இரவும் பகலும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், 2008 முதல் 108 ஊர்தியும் இக்குறைகளுக்கு விடையாக வந்தவை. 2018–20 காலத்தில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு மகப்பேற்று இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. தமிழ்நாடு செல்ல வேண்டிய தொலைவையும் இவ்வெண்களே காட்டுகின்றன.

கொரோனாப் பெருந்தொற்றின்போது நோய்ப் பட்டியல் ஒருபுறமும் இறப்புப் பதிவேடு மறுபுறமும் இருந்தன. சென்னையில் இரண்டும் ஒத்துவரவில்லை. அரசு அமைத்த குழு மருத்துவமனை ஏடுகளையும் மாநகராட்சிப் பதிவேடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது; 2020 சூலை 22 அன்று, விடுபட்டிருந்த 444 இறப்புகள் மாநிலக் கணக்கில் சேர்க்கப்பட்டன. ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்யப்படாமல் ஒருவர் இறக்கலாம். பதியப்படாமல் சென்னை மயானத்தில் எரியூட்ட முடியாது. நோயின் பட்டியலைவிட மயானத்தின் ஏடு விரிந்தது என்பதனாலேயே, வழக்கமான ஆண்டைவிட மிகுந்த இறப்புகள் எத்தனை என்னும் கணக்கை ஆய்வாளர் நாடுகின்றனர்.

குறையும் பிறப்பு

2020இல் தமிழ்நாட்டின் பிறப்பு வீதம் 13.8, இறப்பு வீதம் 6.1. இரண்டின் வேறுபாடாகிய 7.7 என்பதே ஆயிரத்திற்கு அவ்வாண்டின் இயற்கைப் பெருக்கம். ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை 1.4. ஒரு தலைமுறை தன்னைத்தானே ஈடுசெய்துகொள்ள 2.1 வேண்டும். அதற்குக் கீழே வந்தபின்னும் மக்கள்தொகை பெருகுவது ஏன்? முந்தைய தலைமுறையில் மிகுதியாகப் பிறந்தோர் இன்று தாய்மை வயதில் இருக்கின்றனர். ஒவ்வொருவரும் குறைவாகப் பெற்றாலும் பெறுவோர் பலர். ஓடிவந்த தேர் வடம் தளர்ந்தபின்னும் சிறிது தொலைவு உருள்வது போன்றது இது. பின்னர் நிற்கும், பின் முதியோர் பங்கு மிகும், இறப்பு வீதம் கேரளத்தைப் போல உயரும். அவ்வுயர்வைக் கண்டு மருத்துவம் சீர்குலைந்தது என்று எவரேனும் எழுதினால், மேலூர், கீழூர்க் கணக்கை அவருக்குக் காட்டலாம்.

2020இல் ஓர் ஒன்றியத்தில் பதியப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையே, 2025இல் அங்கு முதல் வகுப்புக்கு எத்தனை இருக்கைகள் வேண்டும், 2035இல் பதினோராம் வகுப்புக்கு எத்தனை ஆசிரியர் வேண்டும் என்பதற்குத் தொடக்கப் புள்ளி. தடுப்பூசி வாங்குவதற்கும், முதியோர் ஓய்வூதியத்திற்கு நிதி ஒதுக்குவதற்கும் அடிப்படை இவ்வேடுதான்.

2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 89 விழுக்காட்டினரின் பிறப்பு பதியப்பட்டிருந்தது. எஞ்சியோரில் பலர் எளிய வீட்டுப் பிள்ளைகள். இறப்புப் பதிவில் குறைபாடு இன்னும் மிகுதி. சொத்தோ காப்பீடோ இல்லாதவர் இறந்தால் சான்றிதழ் கேட்போர் இல்லை. அதனாலேயே பெண்களின் இறப்பு ஆண்களின் இறப்பைவிடக் குறைவாகப் பதியப்படுகிறது. எல்லாரினும் எளிதில் விடுபடுவது, பிறந்து சில மணி நேரமே வாழ்ந்த குழந்தை. அது ஒருமுறை மூச்சுவிட்டிருந்தாலும் உயிர்ப்பிறப்பே. அதற்குப் பிறப்புப் பதிவும் இறப்புப் பதிவும் ஆகிய இரண்டும் வேண்டும். துயரத்தில் இருக்கும் வீட்டார் இரண்டையும் விட்டுவிடுகின்றனர். குழந்தை இறப்பு வீதம் அந்த அளவுக்குக் குறைந்து தோன்றுகிறது.

பெயர் இன்னும் வைக்கவில்லை என்பதனால் பலர் பதிவைத் தள்ளிப்போடுகின்றனர். சட்டம் அதனை வேண்டவில்லை. பெயரின்றியே பிறப்பைப் பதியலாம்; ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வரை சிறு கட்டணத்துடனும் பெயரை ஏட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.